இணைய ஏலத்தில் கேட்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

இணைய ஏலத்தில் சாமான் எடுப்பது பற்றி யாழ்ப்பாணத்தில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "அது முழுக்கச் சுத்துமாத்து" என்பது ஒன்று. "லண்டனில் எல்லாம் சும்மா விலைக்குப் போகுது" என்பது மற்றது. இரண்டையும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பேனை எடுத்துக் கணக்குப் பார்க்காதவர்கள். ஏமாற்றுக்காரர் இல்லாமல் இல்லை. ஆனால் காசு போவது அநேகமாக அவர்களிடம் இல்லை. பொருள் வீட்டு வாசலுக்கு வந்துசேர என்ன விலை முடியும் என்று பார்க்காமல் கேட்பதில்தான்.

நாம் பழகிய ஏலங்கள் வேறு. கடற்கரையில் மீன் கூறும்போது கூடை கண்முன்னே இருக்கிறது, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். கோயிலில் மாம்பழம் ஏலம் போகும்போது விலை ஏறுவதுதான் நோக்கம், கொடுத்த காசு கோயிலுக்குப் போகிறது. இணையத்தில் செவுளும் தெரியாது, புண்ணியமும் கிடையாது. ஆனாலும் பலர் கோயில் ஏலத்தில் நிற்பது போலவே அடுத்தவரை விடக்கூடாது என்று ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

கேட்கும் விலையைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். ஓர் உதாரணம். பாவித்த கமரா வில்லை ஒன்று இங்கே நல்ல நிலையில் 60,000 ரூபாவுக்குக் கிடைக்கிறது என்று வைப்போம். தூரத்திலிருந்து பார்க்காமல் வாங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வேண்டும். ஆகவே வீட்டுக்கு வந்த விலை 48,000 ரூபாவைத் தாண்டக்கூடாது. பிரித்தானியாவிலிருந்து எடுப்பதாக, பவுண் 400 ரூபா, தபாற் செலவு 15 பவுண், சுங்கத்தில் எல்லா வரியும் சேர்ந்து 30 வீதம், அட்டைக்கு வங்கி எடுப்பது 3 வீதம் என்று கொள்ளுங்கள். (உண்மையான வீதங்களை அன்றன்று கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.) இப்போது 74 பவுண் 50 பென்சுக்கு எடுத்தால் தபாலோடு 89.50 பவுண், அதாவது 35,800 ரூபா. வங்கிப் பங்கோடு 36,874. வரி 10,740. மொத்தம் 47,614. மீதி முந்நூற்றுச் சொச்சம் தபால் கையாளல் கட்டணத்துக்குப் போய்விடும். இங்கே 150 பவுண் பெறுமதியான பொருளுக்கு அங்கே கேட்கக்கூடிய உச்சம் 74.50 மட்டும்தான். பாதி விலை என்றதும் மலிவு என்று பாய்கிறவர் உண்மையில் மலிவின் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறார்.

வரியில் பலர் தவறுவது ஓர் இடத்தில். சுங்கம் பார்ப்பது ஏலத்தில் முடிந்த விலையை மட்டுமல்ல. பொருள் விலை, காப்புறுதி, அனுப்பும் கூலி மூன்றும் சேர்ந்த தொகையை. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் பெறுமதிசேர் வரி, தீர்வையும் சேர்ந்த தொகையின் மேல் வருகிறது. அதனால் 2 பவுணுக்கு எடுத்த பாரமான சாமானுக்கு 40 பவுண் தபாற் செலவு என்றால் அந்த 40க்கும் வரி உண்டு. விற்பவரிடம் "அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள்" என்று கேட்பதும் வேண்டாம். அது பொய்ப் பிரகடனம். பொதி தொலைந்தால் எழுதிய அந்தச் சின்னத் தொகைக்கு மேல் நட்டஈடும் கேட்க முடியாது.

அங்கே போகிற விலையை எப்படி அறிவது? விற்பவர் போட்ட விலையைப் பார்த்துப் பயனில்லை, யாரும் எதையும் போடலாம். ஈபே என்ற ஏலத் தளத்தில் "விற்கப்பட்டவை" என்று வடிகட்டினால் ஏறத்தாழ கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் கைமாறிய விலைகள் வரும். ஒரே மொடல், ஒரே நிலையில் உள்ள பத்தை எடுத்து, மிகக் கூடியதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு மற்ற எட்டையும் தபாலோடு சேர்த்துச் சராசரி பாருங்கள். விலை குறுக்குக் கோட்டால் வெட்டப்பட்டுத் தெரிந்தால் பேரம் பேசி அதைவிடக் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனிக் கேள்வி, அதாவது ஏலத்தில் கேட்கும் விலை, வைக்கும் முறை. ஈபேயில் நீங்கள் பதிவது உச்சத் தொகை. உங்களுக்காகத் தளமே தேவையான அளவு மட்டும் ஏற்றிக் கேட்கும். 5 முதல் 24.99 டொலர் வரை 50 சதப் படி, 25 முதல் 99.99 வரை ஒரு டொலர்ப் படி, 100 முதல் 249.99 வரை இரண்டரை டொலர்ப் படி. நீங்கள் 46.37 பதிந்து, மற்றவரின் உச்சம் 40 என்றால் பொருள் 41க்கு உங்களுடையது. மற்றவரின் உச்சம் 46 என்றால் முழுப் படி ஏற இடமில்லாவிட்டாலும் 46.37க்கு நீங்களே வெல்வீர்கள். இருவரும் ஒரே தொகை என்றால் முந்திப் பதிந்தவருக்கு. பெரும்பாலானோர் 40, 45, 50 என்று வட்டமாகப் போடுவார்கள், அதனால்தான் அனுபவசாலிகள் 50க்குப் பதிலாக 50.37 போடுகிறார்கள். வென்றவர் இரண்டாமவரின் விலையை ஒட்டியே கொடுக்கும் இந்த முறையில், பெறுமதியை ஒளிக்காமல் கேட்பதே நல்லது என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இலேயே எழுதிக் காட்டினார். இணையம் பிறக்க வெகு காலத்துக்கு முன்.

அப்படியானால் உச்சத்தை முதல் நாளே போட்டுவிட்டு இருக்கலாம் அல்லவா? கணக்குப்படி இருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவர் கணக்குப் பார்ப்பதில்லை. அவர் 30 போட்டிருப்பார், நீங்கள் முந்தியது தெரிந்ததும் 35 போடுவார், பிறகு 38, பிறகு ரோசத்தில் 50. அவருக்கு அந்த நேரத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் கடைசி நேரக் கேள்வியின் பயன். அல்வின் ரோத், அக்சல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியலாளர் இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு நேரம் நிலையாக உள்ள ஈபேயில் கடைசி நிமிடக் கேள்விகள் குவிவதையும், கேள்வி வந்தால் நேரம் நீண்ட அன்றைய அமேசன் ஏலத்தில் அது வெகு குறைவாக இருந்ததையும் காட்டினார்கள்.

நடைமுறையில்: முன்கூட்டியே உள்நுழைந்து, தொகையைத் தட்டி, உறுதிப்படுத்தும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். நல்ல இணைப்பு என்றால் கடைசி எட்டு விநாடி போதும். இங்கே இணைப்பு இழுபடுகிற நாளில் இருபது விநாடி விடுங்கள். வீட்டு இணைப்புக்குத் துணையாகக் கைத்தொலைபேசித் தரவும் இருக்கட்டும், மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை. உங்களுக்காகக் கடைசி விநாடியில் கேட்டுத் தரும் சேவைகளும் உண்டு, ஆனால் உங்கள் கடவுச்சொல்லை வேறொருவர் கையில் கொடுக்க வேண்டி வரும் என்பதை யோசியுங்கள். தோற்றால் கணினியை மூடிவிட்டு அடுத்த பட்டியலைப் பார்க்கலாம். கடைசி விநாடியில் "இன்னும் இரண்டு டொலர்தானே" என்று ஏற்றினால் மேலே போட்ட கணக்கு முழுதும் வீண்.

நேரம் நமக்கு ஒரு வசதி, ஒரு தொல்லை. அமெரிக்கத் தளம் பசுபிக் நேரத்தில் ஓடுகிறது. அங்கே ஞாயிறு மாலை 6 மணி என்றால் கோடையில் இங்கே திங்கள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பிரித்தானிய ஞாயிறு இரவு 8 மணி நமக்கு நள்ளிரவு 12.30 அல்லது 1.30. ஞாயிறு மாலையில் அங்கே எல்லோரும் வீட்டில் இருப்பதால் போட்டியும் அதிகம். அவர்கள் உறங்கும் நேரத்திலோ வேலைநாள் நண்பகலிலோ முடியும்படி தெரியாமல் போட்டுவிட்ட பட்டியல்களில்தான் விலை கீழே நிற்கும். பிரித்தானியாவில் விடிகாலை 4 மணி நமக்குக் காலைத் தேநீர் முடிந்த நேரம்.

தேடுவதில் கிடைக்கிற மலிவு, கேட்பதில் கிடைப்பதைவிடப் பெரியது. விற்பவர் பெயரைப் பிழையாக எழுதினால் பெயரால் தேடுகிறவர் கண்ணில் அது படாது. நிக்கோர் வில்லையில் ஒரு 'கே' குறைந்திருக்கும், ஒலிம்பஸில் 'வை' இருக்கவேண்டிய இடத்தில் 'ஐ' இருக்கும். பொருளின் பெயரே இல்லாமல் "தாத்தாவின் பழைய கமரா" என்று போட்டிருப்பவர்களும் உண்டு. இத்தகைய பிழைகளைத் தனித்தனியாகத் தேடி, தேடலைச் சேமித்து வைத்தால் புதிய பட்டியல் வந்ததும் மின்னஞ்சல் வரும். வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி போட்டால் உறை, பட்டி, வெறும் பெட்டி என்று வரும் குப்பை குறையும்.

இதில் யாழ்ப்பாணத்தவருக்கு மட்டுமே கைவந்த ஒரு துறை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கே வந்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் உடுவில் மகளிர் பாடசாலை 1824இலும் தொடங்கின. அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள், அச்சிட்ட சிறு நூல்கள், அறிக்கைகள் எல்லாம் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மாநிலங்களில் உள்ள வீடுகளில் கிடந்து, வீடு காலி செய்யும்போது ஏலத்துக்கு வருகின்றன. விற்பவருக்கு அது எந்த நாடு என்றே தெரியாது. "ஜஃப்னா" என்று மட்டும் தேடினால் பல தவறிப்போகும். வட்டுக்கோட்டையை அவர்கள் "பட்டிக்கோட்டா" என்று எழுதினார்கள், உடுவிலை "ஊடூவில்" என்று இரட்டை 'ஓ' இரண்டு முறை போட்டு, மானிப்பாயை "மனெப்பி", தெல்லிப்பழையைத் "தில்லிப்பல்லி", பண்டத்தரிப்பைப் "பண்டிதெரிப்போ". நாட்டின் பெயர் சிலோன். ஒல்லாந்தர் கால வரைபடங்களில் "யஃப்னபட்னம்". இந்த எழுத்துக் கோலங்கள் நமக்குத் தெரியும், முத்திரை சேர்க்கிற சிலரைத் தவிர வெளியாருக்குத் தெரியாது. கடதாசி பாரமில்லை, தபாற் செலவும் சொற்பம். 1981இல் எரிந்த நூலகத்தை நினைத்தால் இந்தக் கடதாசிகளுக்கு வேறு பெறுமதியும் உண்டு. வாங்குகிறவர்கள் ஒரு பிரதியை ஸ்கான் செய்து எண்ணிம (டிஜிற்றல்) நூலகத்துக்குக் கொடுத்தால் நல்லது.

போலியும் வரும். பழைய படத் தபாலட்டைகளைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் இக்காலக் கணினி அச்சின் வண்ணப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்குமாக நடுவே கோடு பிரித்த அட்டை பிரித்தானியாவில் 1902இலும் அமெரிக்காவில் 1907இலும்தான் அனுமதிக்கப்பட்டது. கோடு பிரித்த அட்டையை "1890களின் சிலோன்" என்று ஒருவர் விற்றால் அவருக்கு அறிவில்லை, அல்லது நமக்கு இல்லை என்று நினைக்கிறார்.

அடுத்தது உறவினர் உள்ள நாடுகள். "வந்து எடுத்துச் செல்பவருக்கு மட்டும்" என்று போட்ட பட்டியலில் கேட்பவர்கள் அந்தச் சுற்றாடலில் உள்ள நாலைந்து பேர்தான். தையல் மெசின், பெரிய அச்சுப்பொறி, மரத் தளபாடம், வயலின் பெட்டியோடு என்று பாரமானதும் நொறுங்கக்கூடியதும் இப்படித்தான் போகும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ கார் வைத்திருக்கிற அண்ணா ஒருவர் அரை மணித்தியால ஓட்டத்துக்குச் சம்மதித்தால் அது அரைவாசி விலை. அங்கிருந்து கப்பற் பெட்டியில் போட்டு அனுப்பலாம், ஆனால் பெட்டியின் கனவளவுக்கான கூலியை முதலில் கேட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதில் வழமையாக நடக்கும் பிழை ஒன்று. ஈபேயின் பணமீளளிப்பு உறுதி, பொருள் கையளிக்கப்பட்டதிலிருந்து 30 நாள். கையளிப்பு என்பது லண்டன் வீட்டில் இறங்கிய நாள். சித்திரையில் வாங்கி, மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு ஆவணியில் கொண்டுவந்து, இங்கே திறந்து பார்த்துப் பழுது என்றால் சொல்வதற்கு ஆளில்லை. முதல் முகவரியிலிருந்து வேறிடத்துக்கு அனுப்பிய பொருளுக்கும் அந்த உறுதி செல்லாது. ஆகவே வந்த கிழமையே அங்கே பொதியைத் திறந்து, திறப்பதைக் காணொளியாக எடுத்து, மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "எடுத்து வையுங்கோ, பிறகு பார்ப்பம்" என்று சொல்லாதீர்கள்.

மின்சாமான். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பிரித்தானியச் சாமான் அப்படியே ஓடும், 13 அம்பியர் சதுர முள் செருகியும் இங்கே பொருந்தும். அமெரிக்கச் சாமான் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஜப்பானியது 100 வோல்ற். மின்மாற்றி வைத்து வோல்ற்றைக் குறைக்கலாம், ஹேர்ட்ஸை மாற்ற முடியாது. மின்சாரத்தின் ஹேர்ட்ஸை வைத்து ஓடும் அமெரிக்கச் சுவர்க் கடிகாரம் இங்கே மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும், பழைய இசைத்தட்டுப் பெட்டி இழுத்துப் பாடும். மடிக்கணினிச் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. அந்த ஒட்டுச்சீட்டின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தனியான லிதியம் பற்றரியை விமானத் தபால் ஏற்பதில்லை, சாதனத்துக்குள் பூட்டியதுதான் வரும்.

மடிக்கணினியில் முந்தின சொந்தக்காரர் போட்டிருக்கக்கூடிய பயோஸ் கடவுச்சொல், நிறுவனப் பூட்டு, அப்பிளில் ஐகிளவுட் பூட்டு, இவை மூன்றும் இல்லை என்று விற்பவர் ஈபே செய்திப் பெட்டியிலேயே எழுதித் தரவேண்டும். கைத்தொலைபேசி என்றால் 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண்ணை வாங்கி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். பதிவில்லாத தொலைபேசியை இங்கே பாவிப்பது பற்றி ஆணைக்குழுவிடம் முதலில் கேட்காமல் வாங்கவே வேண்டாம். என் அபிப்பிராயத்தில் தொலைபேசி இணைய ஏலத்துக்கு ஏற்ற பொருளே அல்ல.

வில்லைக்குப் பின்னால் டோர்ச் வெளிச்சம் பிடித்து ஒரு படம் கேளுங்கள். சிலந்தி இழை போல் தெரிந்தால் பூஞ்சணம். நமது ஈரக் காற்றில் அது தானாகக் குறையாது. உள்ளே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் துவாரத் தகட்டில் எண்ணெய் மினுங்கினால் கழற்றிக் கழுவும் கூலியைக் கழித்துக்கொள்ளுங்கள். "சோதிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் சோதித்து ஓடவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை போடுங்கள். பற்றரி போட ஒரு நிமிடம் போதும், அதைச் செய்யாமல் யாரும் விற்பதில்லை. ஆனால் திருத்தத் தெரிந்தவருக்கு "உதிரிப்பாகத்துக்கு மட்டும்" என்ற பகுதி நல்ல வயல். 1995இல் ஈபே தொடங்கியபோது முதலில் விற்றதாகச் சொல்லப்படுவதே பழுதான லேசர் சுட்டி ஒன்றுதான், 14.83 டொலருக்கு.

விற்பவரைப் பார்ப்பதில் நூற்றுக்கு எத்தனை பாராட்டு என்ற இலக்கம் போதாது. கடந்த பன்னிரண்டு மாதத்தின் குறைகளை வாசியுங்கள். அவருக்கு வந்த பாராட்டு விற்றதற்கா, வாங்கியதற்கா என்றும் பாருங்கள். ஐம்பது சதச் சாமான் நூறு வாங்கிப் பாராட்டுச் சேர்த்துவிட்டு, முதல் விற்பனையாக விலையுயர்ந்த கமராவைப் போடுவது பழைய தந்திரம். விலையை ஆள் வைத்து ஏற்றுகிறார்களா என்று கேள்வி வரலாற்றில் தெரியும். ஒருவர் முப்பது நாளில் வைத்த கேள்விகளில் எத்தனை வீதம் இந்த விற்பவரிடம் என்று அங்கே காட்டும். சின்னப் பாராட்டெண், நூறு வீதமும் இவரிடமே என்றால் விலகுங்கள். நீங்கள் தோற்ற மறுநாள், வென்றவர் எடுக்கவில்லை, உங்களுக்குத் தருகிறேன் என்று "இரண்டாம் வாய்ப்பு" வந்தாலும் அதே வரலாற்றை மறுபடி பாருங்கள். அந்த வாய்ப்பு தளத்தின் செய்திப் பெட்டியில் இல்லாமல் மின்னஞ்சலில் மட்டும் வந்தால் அது பொய். தளத்துக்கு வெளியே காசு அனுப்பச் சொல்கிறவரோடு பேச்சே வேண்டாம். முகநூலில் கருத்துப் பகுதியில் நடக்கும் உள்ளூர் ஏலங்களில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுக்க முடிந்தால் மட்டும் கேளுங்கள்.

ஜப்பானின் யாஹூ ஏலத்தில் நேரடியாகக் கேட்க முடியாது, பையீ, சென்மார்க்கெற் போன்ற இடைத்தரகுத் தளம் வேண்டும். அவர்களின் கட்டணம், ஜப்பானுக்குள் தபால், பொதிகளை ஒன்றாகக் கட்டும் கூலி, பிறகு வெளிநாட்டுத் தபால் என்று நாலு செலவு. அங்கே பல ஏலங்களில் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் கேள்வி வந்தால் நேரம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். எட்டு விநாடி வித்தை பலிக்காது.

வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிட்டார்களா என்று கேள்வி வைக்கும் முன்னரே கேட்டுவிடுங்கள். வென்றபின் நாலு நாளுக்குள் காசு போகாவிட்டால் விற்பவர் விற்பனையை நீக்கி உங்கள் பேரில் குறை பதியலாம். தொகையைத் தட்டும்போது புள்ளி விடுபட்டது போன்ற காரணத்துக்கே கேள்வியைத் திரும்பப் பெற முடியும், மனம் மாறியதற்கு அல்ல.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே போட்ட கணக்கில் வாசகர் தாமாக நிரப்ப முடியாத இடம் சுங்க வரி ஒன்றுதான். தபாலில் அதிகம் வரும் இருபது முப்பது பொருட்களுக்கு, கமரா, வில்லை, இசைக்கருவி, கணினிப் பாகம், தையல் மெசின், புத்தகம் என்று, தீர்வை அட்டவணை எண்ணையும் மொத்த வரி வீதத்தையும் சுங்கத் திணைக்களத்திடம் கேட்டு, வீதம் மாறும்போதெல்லாம் தமிழில் ஒரு சிறு பெட்டியாக உங்கள் ஞாயிறு இதழில் வெளியிட வேண்டும். அன்றைய பவுண், டொலர் விலையையும் அதற்குப் பக்கத்திலேயே போட்டால் வெட்டி வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
இணைய ஏலங்களில் நீண்டகாலமாக வாங்கிவரும் வாசகர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.